கையடக்க ஓ.சி.டி. கருவிக்கு எந்த லேசர்? வேகத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

நுண்ணோக்கி:
அனைவருக்கும் வணக்கம்.

கையில் பிடித்துக்கொண்டே கண்ணின் முன்பகுதியைப் படமெடுக்கும் ஓ.சி.டி. (ஒளியின் குறுக்கீட்டைக் கொண்டு திசுவின் குறுக்குவெட்டைப் படமெடுக்கும் முறை) கருவி ஒன்றை எங்கள் குழு வடிவமைத்துவருகிறது. தாடையைத் தாங்கியில் பதித்து அசையாமல் உட்கார முடியாத குழந்தைகளுக்கும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது நோக்கம். கார்னியாவின் முன்முகம் தொடங்கி லென்ஸின் பின்முகம் வரை ஒரே படத்தில் விழ வேண்டும். அலைநீளம் 1310 நானோமீட்டர் என்று முடிவாகிவிட்டது. ஸ்கேனர், லென்ஸ்கள், மென்பொருள் எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. லேசரில்தான் இழுபறி. பட்டியலில் குறுங்குழி லேசரும், மெம்ஸ் (சில்லிலேயே செதுக்கிய நுண் இயந்திரம்) கொண்டு அலைநீளத்தை மாற்றும் விக்செல் என்ற குட்டிச் சில்லு லேசரும் இருக்கின்றன.

விற்பனைத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் முதல் வரி வேகம்தான்: 50 கிலோஹெர்ட்ஸ், 100, 200, 400. எங்கள் மேலாளர் 200க்குக் கீழே எதையும் பார்க்கவே வேண்டாம் என்கிறார். கணக்குப் பார்ப்பவரோ, தொலைத்தொடர்புக்கென்று விற்கும் அலைநீளம் மாற்றும் லேசர் சல்லிசாகக் கிடைக்கும்போது இவ்வளவு செலவு எதற்கு என்று குடைகிறார். இருவருக்கும் என்ன பதில் சொல்வது?

ஒளியிழை:
மேலாளருக்கு முதலில் ஒரு கேள்வியைத் திருப்பிக் கொடுங்கள்: எவ்வளவு ஆழம் வேண்டும்? வேகம் அதற்குப் பிறகுதான்.

வளர்ந்தவரின் கண்ணில் கார்னியாவின் தடிமன் சுமார் 0.5 மில்லிமீட்டர், முன்னறை 3 மில்லிமீட்டர் அளவு, லென்ஸ் 4 மில்லிமீட்டர் அளவு. கூட்டினால் ஏழரை வருகிறது. ஆனால் ஓ.சி.டி. அளப்பது ஒளிப்பாதையை. ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் பத்தைத் தாண்டிவிடும். கையில் பிடிக்கும் கருவி என்பதால் முன்னும் பின்னும் ஆடும். அதற்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஒதுக்குங்கள். ஆக மொத்தம் 13 மில்லிமீட்டர்.

இனி லேசருக்கு வருவோம். ஒவ்வொரு வீச்சிலும் லேசர் தன் அலைநீளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டுகிறது. அந்த ஓட்டத்தின் மொத்த அகலம் படத்தின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கிறது. ஓட்டத்தின் நடுவே ஏதோ ஒரு கணத்தில் பிடித்து நிறுத்திப் பார்த்தால் நிறமாலைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பது ஆழத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் ஒரே சூத்திரம்தான்: 0.44 பெருக்கல் அலைநீளத்தின் வர்க்கம், வகுத்தல் அகலம். 1310ஐ நடுவாக வைத்து 100 நானோமீட்டர் ஓட்டினால் காற்றில் 7.6 மைக்ரோமீட்டர் நுணுக்கம் கிடைக்கும். கணநேரக் கோட்டின் அகலம் 0.1 நானோமீட்டர் என்றால் சுமார் 7.6 மில்லிமீட்டர் ஆழத்தில் சிக்னல் 6 டெசிபெல் குறைந்திருக்கும்.

உங்களுக்குப் பதின்மூன்று வேண்டும். 0.1 நானோமீட்டர் கோடுள்ள லேசர் 400 கிலோஹெர்ட்ஸில் ஓடினாலும் லென்ஸின் பின்முகம் மங்கித்தான் தெரியும். லென்ஸின் பின்முகம் எதிரொளிக்கும் ஒளியே கொஞ்சம். அதையும் லேசர் விழுங்கிவிட்டால் மிஞ்சுவது என்ன?

விற்பனைத் தாளில் முதல் வரியை விட்டுவிட்டு "ஓரியல் நீளம்" (ஒளியலைகள் எவ்வளவு பாதை வேறுபாடு வரை ஒன்றோடொன்று குறுக்கீடு செய்யும் என்பது) என்ற வரியைத் தேடுங்கள். அது இல்லாத தாளை மூடிவையுங்கள்.

நுண்ணோக்கி:
இரண்டு தாள்களில் அந்த வரியே இல்லை! ஒன்றில் "12 மில்லிமீட்டருக்கு மேல்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

ஒளியிழை:
எதற்கு 12 என்று கேளுங்கள். சிலர் போய்த் திரும்பும் பாதையின் நீளத்தைச் சொல்வார்கள், சிலர் அதில் பாதியான படத்தின் ஆழத்தைச் சொல்வார்கள். ஒரே லேசருக்கு இரண்டு எண். எதைச் சொன்னால் விற்குமோ அதைத்தான் அச்சடிப்பார்கள்.

கீற்றணி:
வழக்கம்போல நான் எதிர்க்கட்சி. லேசரை ஓட்டித்தான் ஆக வேண்டுமா? அகன்ற நிறமாலை கொண்ட ஒளிமூலம் ஒன்றும், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியும் வரிக் கேமராவும் கொண்ட நிறமாலைமானி ஒன்றும் போதும். அசையும் பாகம் இல்லை. ஒளியலையின் கட்டம் துல்லியமாக நிலைத்து நிற்கும். விழித்திரைக்கு 840 நானோமீட்டரில் ஓடும் கருவிகளில் பெரும்பாலானவை இன்றும் இந்த வகைதான். 1991இல் ஹுவாங், ஸ்வான்சன், ஃபுஜிமோட்டோ ஆகியோர் அடங்கிய குழு சயின்ஸ் இதழில் ஓ.சி.டி.யை அறிமுகப்படுத்தியபோது ஆடியை நகர்த்தித்தான் ஆழத்தைத் தேடினார்கள். 2002இல் வந்த ஸ்ட்ராட்டஸ் கருவி நொடிக்கு 400 ஏ-ஸ்கேன் (ஒரு புள்ளியில் ஆழவாக்கில் எடுக்கும் ஒற்றைக் கோடு; ஓட்டும் லேசரில் ஒரு வீச்சுக்கு ஒன்று) எடுத்தது. அங்கிருந்து பல்லாயிரத்துக்குத் தாவவைத்தது நிறமாலைமானிதான், லேசர் அல்ல. அந்த நன்றி வேண்டும்.

ஆனாலும் இந்தக் கேள்வி கேட்டவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கேமராவின் ஒவ்வொரு படப்புள்ளியும் கொஞ்சம் நிறமாலையைச் சேர்த்துப் பிடிக்கிறது. அதனால் ஆழம் கூடக்கூட சிக்னல் சரிகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாண்டியாலே மூச்சு வாங்கும். 1310க்குச் சிலிக்கன் கேமரா குருடு. இண்டியம் காலியம் ஆர்சனைடு வரிக் கேமரா தேவை, அதன் விலை லேசரோடு போட்டி போடும். 13 மில்லிமீட்டர் என்று கேட்டவுடனே என் கட்சிக்காரர்கள் எழுந்துபோய்விடுவார்கள்.

மின்தடை:
கீற்றணி எதிர்க்கட்சியிலிருந்து விலகிய நாள் இது. குறித்துவைக்கிறேன்.

மின்னணுப் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு. 13 மில்லிமீட்டர் ஆழம், 100 நானோமீட்டர் ஓட்டம் என்றால் ஒவ்வொரு வீச்சிலும் குறைந்தது 3,000 மாதிரிகள் எடுக்க வேண்டும். லேசர் 200 கிலோஹெர்ட்ஸ், அதில் பாதி நேரம்தான் பயனுள்ள வீச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.5 மைக்ரோநொடிக்குள் 3,000 மாதிரி. நொடிக்கு 120 கோடி. சிக்னலை எண்களாக மாற்றும் அந்த வேகத்து டிஜிட்டைசர் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது குடிக்கும் மின்சாரமும் கக்கும் சூடும் ஒரு மேசைக் கணினிக்குரியவை. ஒளியுணரியும் 600 மெகாஹெர்ட்ஸ் வரை இரைச்சல் இல்லாமல் பார்க்க வேண்டும். அதையே 50 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 30 கோடி மாதிரிதான். சிறிய பலகையில் அடக்கிவிடலாம், மின்விசிறிகூடத் தேவைப்படாது.

உங்கள் கருவியை "கையடக்கம்" என்று சொல்வதா, "கையில் ஒரு முனை, சக்கரவண்டியில் மற்றதெல்லாம்" என்று சொல்வதா என்பதை லேசரின் வேகம்தான் தீர்மானிக்கப்போகிறது.

விழித்திரை:
கண் மருத்துவராகச் சொல்கிறேன். வேகத்தை இவ்வளவு இளக்காரமாகப் பேசாதீர்கள். அழும் குழந்தையின் கண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு வேகத்தின் அருமை தெரியும்.

விழித்திரையில் இது இன்னும் தெளிவு. 500க்கு 500 என்று ஒரு சதுரத்தை நிரப்ப இரண்டரை லட்சம் ஏ-ஸ்கேன் வேண்டும். நொடிக்கு ஒரு லட்சம் எடுத்தாலும் இரண்டரை நொடி. அதற்குள் கண் ஒருமுறையாவது துள்ளும். இரத்த நாளங்களைக் காட்டும் ஆஞ்சியோகிராபிக்கு அதே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும்; அங்கே வேகம் இல்லையென்றால் படமே இல்லை. 2012இல் டாப்கான் 1050 நானோமீட்டரில் நொடிக்கு ஒரு லட்சம் ஏ-ஸ்கேன் எடுக்கும் கருவியைக் கொண்டுவந்தபோது எங்களுக்குக் கிடைத்தது வேகம் மட்டுமல்ல. அந்த அலைநீளம் விழித்திரையின் நிறமி அடுக்கில் குறைவாகவே சிதறுவதால் அதற்குப் பின்னால் இருக்கும் கோராய்டு என்ற இரத்தநாள அடுக்கு முழுத் தடிமனில் தெரிந்தது. கண்புரை படர்ந்த கண்ணிலும் ஓரளவு ஊடுருவியது.

முன்பகுதிக்கு 1310 சரியான தேர்வு. தண்ணீர் அந்த அலைநீளத்தைக் கணிசமாக உறிஞ்சுவதால் ஒளி விழித்திரையைச் சேர்வதற்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். அதனால் பாதுகாப்பு வரம்பும் தாராளம். வெண்படலத்தையும் கருவிழிப்படலத்தின் ஓரத்தையும் துளைத்து, கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் கோணத்தைப் பார்க்க முடிகிறது. கண் அழுத்த நோயில் எனக்கு வேண்டியது அந்தக் கோணம்தான்.

நுண்ணோக்கி:
டாக்டர், அப்படியென்றால் எங்களுக்கு எவ்வளவு வேகம் போதும் என்பீர்கள்?

விழித்திரை:
உங்களுக்கு ஒற்றைக் குறுக்குவெட்டு போதுமா, முப்பரிமாணப் படம் வேண்டுமா? அதைச் சொல்லாமல் வேகத்தைக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஒளியிழை:
டாக்டர் கேட்டது சரியான கேள்வி. கை நடுக்கம் இயல்பாகவே நொடிக்கு 8 முதல் 12 முறை. ஒரு நடுக்கம் முடிய ஏறத்தாழ 100 மில்லிநொடி. 50 கிலோஹெர்ட்ஸ் லேசரில் 1,000 ஏ-ஸ்கேன் கொண்ட குறுக்குவெட்டை 20 மில்லிநொடியில் எடுத்துவிடலாம். ஒரு நடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு. படம் கோணலாகாது. ஆனால் அதே லேசரில் 100 குறுக்குவெட்டு அடுக்கினால் இரண்டு நொடி, இருபது நடுக்கம். 200 கிலோஹெர்ட்ஸ் என்றாலும் அரை நொடி, ஐந்து நடுக்கம். குறைகிறதே தவிர ஒழியவில்லை. கையில் பிடித்து முப்பரிமாணம் எடுக்க வேண்டும் என்றால் வேகத்தை நான்கு மடங்காக்குவதைவிடக் கண்ணின் நகர்வைத் தொடரும் கேமரா ஒன்றைச் சேர்ப்பது மேல்.

இன்னொன்று. வேகத்தை இலவசமாக யாரும் தருவதில்லை. ஒவ்வொரு வீச்சிலும் ஒளியுணரி சேர்க்கும் ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் உணர்திறன். கண்ணுக்குள் விடும் ஒளியின் வரம்பு மாறாது. 50இலிருந்து 200க்குப் போனால் ஒரு வீச்சுக்குக் கால்பங்கு ஃபோட்டான். 6 டெசிபெல் இழப்பு. ஏற்கெனவே லென்ஸின் பின்முகத்துக்குப் போய்வருவதற்குள் தண்ணீர் நிறையவே பறித்திருக்கும்.

டோமி நிறுவனத்தின் கேசியா2 கருவியைப் பாருங்கள். 1310 நானோமீட்டர், 13 மில்லிமீட்டர் ஆழம், கார்னியாவிலிருந்து லென்ஸின் பின்முகம் வரை. நீங்கள் கேட்பதையேதான் மேசைமேல் வைத்துச் செய்கிறது. அதன் வேகம் நொடிக்கு 50,000 ஏ-ஸ்கேன். உங்கள் மேலாளரின் 200க்கு அது கால்பங்கு.

நுண்ணோக்கி:
இதை அப்படியே மேலாளருக்கு அனுப்பப்போகிறேன். சரி, தொலைத்தொடர்பு லேசர் விஷயம்?

கீற்றணி:
அதை நான் எடுத்துக்கொள்கிறேன். தொலைத்தொடர்பின் சி-பட்டை 1530 முதல் 1565 நானோமீட்டர் வரை, அதாவது 35 நானோமீட்டர். ஒளியிழை சொன்ன சூத்திரத்தில் போட்டால் 30 மைக்ரோமீட்டர் நுணுக்கம். கார்னியாவின் மேல்தோல் அடுக்கின் தடிமனே 50 மைக்ரோமீட்டர் அளவுதான். அடுக்கின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒன்றோடொன்று ஒட்டாத குறையாக இருக்கும். தண்ணீரின் உறிஞ்சலோ 1310இல் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். லென்ஸின் பின்முகத்திலிருந்து திரும்பி வருவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அதைவிட முக்கியம், அந்த லேசரின் பிறவிக் குணம். ஒரு தடத்தைப் பிடித்து அசையாமல் நிற்பதற்காக அதைச் செய்திருக்கிறார்கள். வெப்பத்தால் அலைநீளத்தை நகர்த்தும் வகையாக இருந்தால் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் அமைதியாக மில்லிநொடிகள் ஆகும். ஓ.சி.டி.க்கு நிற்கவே கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒளியிழை:
முழுக்கத் தள்ளிவிடாதீர்கள் கீற்றணி. இந்தக் குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை ஓ.சி.டி.க்கு வந்திருக்கிறது. சற்றே வேறுபட்ட இடைவெளியில் பொறித்த இரண்டு கீற்றணிகளைச் சில்லின் இரு முனைகளிலும் வைத்து, வெர்னியர் அளவுகோலைப்போல இரண்டின் கோடுகளும் எங்கே ஒன்றுசேர்கின்றனவோ அந்த அலைநீளத்தில் ஒளிரச்செய்யும் லேசர். வெப்பத்துக்குப் பதிலாக மின்னோட்டத்தால் ஓட்டினால் நானோநொடிகளில் நகரும். அசையும் பாகமே கிடையாது. மெல்லிய கோடு, நீண்ட ஓரியல் நீளம், வேண்டிய வேகத்துக்கு மென்பொருளிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

அதன் தொல்லை வேறு. ஓட்டம் ஒரே இழுப்பில் வருவதில்லை. துண்டு துண்டாக வந்து ஒட்டவைக்க வேண்டும். ஒட்டுப்போட்ட இடங்களில் சில மாதிரிகளைக் கழித்துத் தைப்பது சரியாக அமையாவிட்டால் படத்தின் பின்னணியில் மெல்லிய மேடுகள் எழும். சில்லுக்குச் சில்லு மின்னோட்ட அட்டவணையும் வேறு. வயதானால் அதுவும் நகரும்.

ஆய்வுமாணவி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் ஒளியொலிப் படமெடுப்பில் வேலை செய்கிறேன். எங்களுக்கும் "சிறிய, அலைநீளம் மாற்றும் லேசர்" என்பதுதான் தீராத தேடல். இந்த விக்செல், மெம்ஸ் வகைகள் எங்களுக்குப் பயன்படுமா, ஐயா?

ஒளியிழை:
பயன்படாது அம்மா. உங்களுக்கு வேண்டியது ஆற்றல், ஓட்டம் அல்ல. திசு நானோநொடித் துடிப்பை உறிஞ்சிச் சூடாகி விரிந்து ஒலியெழுப்ப வேண்டும். அதற்கு மில்லிஜூல் கணக்கில் துடிப்பு தேவை. இங்கே பேசும் லேசர்கள் தருவது மில்லிவாட் கணக்கில் தொடர் ஒளி. அதனால்தான் உங்கள் ஆய்வகத்தில் என்.டி. யாக் லேசரும் அது தள்ளும் ஓ.பி.ஓ.வும் (லேசரின் அலைநீளத்தை மாற்றித் தரும் கருவி) மேசையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மட்டும்தான் உங்கள் இலக்கு என்றால் அலைநீளத்தைத் தொடர்ச்சியாக மாற்றுவதற்கு அவசியமே இல்லை. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினும் ஏற்காததும் 800 நானோமீட்டர் அருகே ஒரே அளவு உறிஞ்சுகின்றன. அதற்கு இருபுறமும் 750, 850 என்று இரண்டு அலைநீளம் இருந்தாலே பிரித்துவிடலாம். துடிப்பு டையோடு லேசர்களை அடுக்கிச் சிறிய கருவி செய்யும் வழி அதுதான். ஆற்றல் குறைவு; ஆயிரக்கணக்கான துடிப்புகளைச் சராசரி எடுத்து ஈடுகட்ட வேண்டும். மெலனின், கொழுப்பு, சாயம் என்று நிறைய பொருள்களைப் பிரிக்க நினைத்தால் மட்டுமே ஓ.பி.ஓ.

ஆய்வுமாணவி:
நன்றி ஐயா. எங்கள் இலக்கு கட்டிக்குள் சாயம் எங்கே தங்குகிறது என்பது. அப்படியென்றால் மேசையை விட முடியாதுபோல. தனி விவாத இழை தொடங்கிக்கொள்கிறேன்.

நுண்ணோக்கி:
எங்கள் கேள்விக்குத் திரும்பலாமா? 50 முதல் 100 கிலோஹெர்ட்ஸ், 13 மில்லிமீட்டர் ஆழம். இப்போது குறுங்குழி லேசரா, விக்செல்லா?

ஒளியிழை:
கொஞ்சம் விரிவாக எழுத வேண்டிய இடம் இதுதான்.

1997இல் அலைநீளம் மாற்றும் லேசரால் ஓ.சி.டி. செய்து காட்டியபோது வேகம் மிகக் குறைவுதான். வேகத்தைத் தடுத்தது எது? லேசர் குழிக்குள் (ஒளி சுற்றிவந்து வலுப்பெறும் இடம்) ஒரு வடிகட்டி நகர்கிறது. அது புதிய அலைநீளத்துக்கு வந்து நிற்கும்போது அங்கே ஒளியே இல்லை. குறைகடத்திப் பெருக்கியின் தன்னியல்பு ஒளியிலிருந்து மறுபடி வளர வேண்டும். அதற்குள் ஒளி குழியைப் பலமுறை சுற்றிவர வேண்டும். குழி நீளமாக இருந்தால் சுற்ற நேரமாகும். வடிகட்டி அதற்குள் நகர்ந்துவிடும். வேகத்தைக் கூட்டினால் ஒளி வலுவிழக்கும், கோடு தடிக்கும்.

இதைத் தாண்ட மூன்று வழி பிறந்தது. முதலாவது ஹூபர், வோய்ட்கோவ்ஸ்கி, ஃபுஜிமோட்டோ 2006இல் வெளியிட்ட எஃப்.டி.எம்.எல். குழியைச் சுருக்குவதற்குப் பதிலாகக் கிலோமீட்டர் கணக்கில் ஒளியிழையைச் சேர்த்து நீட்டிவிட்டார்கள்! ஒளி ஒருமுறை சுற்றிவரும் நேரமும் வடிகட்டி ஒருமுறை ஆடி முடிக்கும் நேரமும் சரியாகப் பொருந்தினால், ஒவ்வொரு அலைநீளமும் திரும்பி வரும்போது வடிகட்டி அதற்காகக் கதவைத் திறந்து காத்திருக்கும். புதிதாக வளரத் தேவையில்லை. ஒரு கிலோமீட்டர் இழையில் ஒளி சுற்ற ஏறத்தாழ 5 மைக்ரோநொடி, அதாவது 200 கிலோஹெர்ட்ஸ். அழகான யோசனை. ஆனால் 50 கிலோஹெர்ட்ஸுக்கு நான்கு கிலோமீட்டர் இழைச் சுருள் வேண்டும். கையடக்கக் கருவிக்கு அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது, குழியைச் சென்டிமீட்டர் அளவுக்குச் சுருக்கி மெம்ஸ் வடிகட்டி வைப்பது. உங்கள் பட்டியலில் உள்ள குறுங்குழி வகை. ஒரு சிறு உறைக்குள் அடங்கிவிடும், உறுதியானது, ஒளி வலிமையும் தாராளம். ஆனால் குழிக்குள் இன்னும் பல மோடுகளுக்கு (குழிக்குள் பொருந்தி நிற்கும் அலைகளுக்கு) இடம் இருக்கிறது. வடிகட்டியின் சாளரத்துக்குள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மோடுகள் நிற்கும். வடிகட்டி நகர நகர ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கோடு தடிக்கிறது. நான் முன்பு சொன்ன 0.1 நானோமீட்டர் கணக்கு இந்த வகையை நினைத்துத்தான். இன்னொரு வேடிக்கை: பாதை வேறுபாடு குழியின் நீளத்தோடு பொருந்தும் தொலைவில் ஓரியல்பு மறுபடி உயிர்பெறும். தொலைவில் இருக்கும் ஒரு லென்ஸின் எதிரொளிப்பு உங்கள் படத்துக்குள் பேயாகத் தோன்றும்.

மூன்றாவது, மெம்ஸ் விக்செல். குழியின் நீளமே சில மைக்ரோமீட்டர்தான். மேல் ஆடி ஒரு மெல்லிய சவ்வு. அடியில் உள்ள குறைகடத்திக்கு மேலே காற்றில் தொங்குகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் நிலைமின் விசை அதைக் கீழே இழுக்கிறது. 100 நானோமீட்டர் ஓட்ட அது நகர வேண்டியது அரை மைக்ரோமீட்டர் அளவுதான். குழி அவ்வளவு குட்டை என்பதால் அடுத்த மோடு நூறு நானோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. பெருக்கியின் எல்லைக்குள் ஒரே ஒரு மோடு. தாவுவதற்கு வேறு இடமே இல்லை. சுற்றிவரும் நேரமும் ஒன்றுமில்லை என்பதால் வேகத்தின் எல்லை சவ்வின் இயக்கத்தில்தான். கோடு மிக மெல்லியது. ஓரியல் நீளம் மீட்டர் கணக்கில் போகும். உங்கள் 13 மில்லிமீட்டர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வெளிவரும் ஒளி மில்லிவாட்டுக்கும் கீழே. பின்னால் ஒரு குறைகடத்திப் பெருக்கி கட்டாயம். பெருக்கிக்கும் குளிர்விப்புக்கும் மின்சாரம் வேண்டும். இடைவெளியின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி மெதுவாக இழுத்தால் சவ்வு பட்டென்று அடியில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டும் மின்னழுத்தத்தைத் தயாரிப்பாளர் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளுங்கள், விளையாட வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 100 கிலோஹெர்ட்ஸ் விக்செல்லைத்தான் எடுப்பேன். வேகத்துக்காக அல்ல, ஒற்றை மோடுக்காக.

மின்தடை:
மீட்டர் கணக்கில் ஓரியல் நீளம் என்றவுடன் கைதட்டிவிடாதீர்கள். அது இருபுறமும் வெட்டும் கத்தி. ஓரியல் நீளம் குறைவாக இருந்தவரை, இழை இணைப்பியில் எழும் சிறு எதிரொளிப்பைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. விக்செல் வந்த பிறகு இழை முனை, இணைப்பி, சர்க்குலேட்டர் (ஒளியை ஒரே திசையில் சுற்றவிடும் உறுப்பு), லென்ஸின் மேற்பரப்பு எல்லாம் ஒன்றோடொன்று குறுக்கீடு செய்யத் தொடங்கும். படத்தில் அசையாத கிடைக்கோடுகள் முளைக்கும். நாங்கள் ஒரு தயாரிப்பாளரிடம் வாங்கிய லேசரில் பெட்டிக்குள்ளேயே ஓர் இணைப்பி நேராக வெட்டிய முனையோடு இருந்தது. "படத்தில் கோடு வருகிறதே" என்று கேட்டால் "உங்கள் ஒளியமைப்பைச் சரிபாருங்கள்" என்ற பதில் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பெட்டியைத் திறந்து சாய்வு முனைக்கு மாற்றிய பிறகுதான் கோடு ஒழிந்தது.

எல்லா முனைகளும் சாய்வாக வெட்டியவையாக இருக்கட்டும். டிஜிட்டைசருக்கு முன் கூர்மையான வடிகட்டி வையுங்கள். அதற்கு அப்பாலுள்ள அதிர்வெண்கள் மடிந்து படத்துக்குள் வராமல் அது தடுக்கும்.

கே-கிளாக் பற்றியும் ஒரு வார்த்தை. சவ்வு ஏறத்தாழ சைன் அலையாக ஆடுவதால் அலைநீளம் சம வேகத்தில் ஓடாது. சம கால இடைவெளியில் மாதிரி எடுத்து ஃபூரியே மாற்றம் செய்தால் கூர்மையான ஒரு பரப்பும் பட்டையாகப் பரவித் தெரியும். லேசரின் ஒரு சிறு பங்கைத் தனியான குறுக்கீட்டுமானிக்கு அனுப்பி, அதன் ஏற்றஇறக்கத்தையே மாதிரி எடுக்கும் மணியாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மணி 13 மில்லிமீட்டருக்குப் போதுமான அடர்த்தியில் அடிக்கிறதா என்று பாருங்கள். பெட்டியோடு வரும் கே-கிளாக் பல நேரங்களில் 6 மில்லிமீட்டருக்கென்று அமைத்ததாக இருக்கும்.

விழித்திரை:
பாதுகாப்பையும் மறந்துவிடாதீர்கள். 1310 தாராளம் என்று நான் சொன்னதைச் சாக்காக வைத்து ஒளியை ஏற்றிவிட வேண்டாம். தண்ணீர் உறிஞ்சும் ஒளி எங்கும் மறைந்துவிடுவதில்லை, கார்னியாவும் லென்ஸும் சூடாகின்றன. ஐ.இ.சி. 60825-1, ஐ.எஸ்.ஓ. 15004-2 இரண்டின்படியும் கணக்கிடுங்கள். ஸ்கேனர் நின்றுபோய்க் கற்றை ஒரே புள்ளியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். கையில் பிடிக்கும் கருவி கீழே விழும், ஸ்கேனர் சிக்கிக்கொள்ளும். அந்தக் கணத்தில் லேசர் தானாக அணைய வேண்டும்.

கீற்றணி:
ஒரு பரிசோதனையும் சொல்கிறேன். வாங்குவதற்கு முன் கருவியை இரவல் கேளுங்கள். மாதிரிக் கையில் (கண்ணுக்குப் போகும் ஒளிப்பாதையில்) ஓர் ஆடி, அதன் முன் ஒளியை மட்டுப்படுத்தும் வடிகட்டி. குறிப்புக் கையை (ஒப்பிடுவதற்கான மற்ற ஒளிப்பாதையை) ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்த்தி, சிக்னல் உச்சியின் உயரத்தையும் அகலத்தையும் குறித்துக்கொண்டே 13 வரை போங்கள். உயரம் சரிவது ஓரியல் நீளத்தைக் காட்டும். அகலம் பெருப்பது மணியின் குறையைக் காட்டும். இதைப் பெட்டியை இயக்கியவுடன் ஒருமுறையும் நன்றாகச் சூடேறிய பிறகு ஒருமுறையும் செய்யுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த லேசர் ஆய்வகத்துக்கு மட்டும் லாயக்கு.

ஒளியிழை:
சமன் ஒளியுணரி போட்டிருக்கிறீர்களா? பெருக்கி சேர்ந்தவுடன் லேசரின் வலிமை இரைச்சலும் கூடிவரும். இரண்டு உணரிகளின் வேறுபாட்டை எடுத்தால் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆனால் இணைப்பான் ஓட்டத்தின் இரு முனைகளிலும் சரிபாதியாகப் பிரிக்கிறதா என்று அளந்து பாருங்கள். நடுவில் மட்டும் சரியாக இருந்து முனைகளில் 45க்கு 55 ஆனால் இரைச்சல் முழுதாகக் கழியாது.

நுண்ணோக்கி:
எல்லாருக்கும் நன்றி. சமன் ஒளியுணரி இருக்கிறது, இணைப்பானை அளக்கவில்லை, நாளை அளக்கிறோம். இன்னொரு ஐயம். ஒரு விக்செல் தாளில் 200 கிலோஹெர்ட்ஸ் என்று இருக்கிறது, ஆனால் சவ்வின் அதிர்வெண் 100 என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எது சரி?

ஒளியிழை:
இரண்டும் சரி. சவ்வு ஒருமுறை கீழே போய் மேலே வருவதில் இரண்டு வீச்சு கிடைக்கிறது. இரண்டையும் எண்ணினால் 200. ஆனால் போகும் வீச்சும் வரும் வீச்சும் ஒரே மாதிரி இருக்காது. பெருக்கிக்குள் அலைநீளம் ஏறும் திசைக்கும் இறங்கும் திசைக்கும் நடத்தை வேறு. சமநேரம் தவறுவதும் உண்டு. அடுத்தடுத்த கோடுகளில் இரண்டு விதமான பின்னணி விழுந்து படம் வரிவரியாகத் தெரியும். ஒரு திசையை மட்டும் பயன்படுத்தி, மறுதிசையில் பெருக்கியை அணைத்துவிட முடியுமா என்று கேளுங்கள். அணைத்திருக்கும் நேரத்தில் பின்னணியையும் அளந்துகொள்ளலாம், சூடும் குறையும்.

நுண்ணோக்கி:
விற்பவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. 200 என்பது இருதிசை எண்ணிக்கைதான். ஒரு திசையில் மட்டும் ஓட்டலாம், பெருக்கியை அணைக்கும் வசதியும் உண்டு. ஆனால் கே-கிளாக் 8 மில்லிமீட்டருக்குத்தான் அமைத்திருக்கிறார்களாம். 13க்கு வேண்டுமென்றால் தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டும் என்கிறார்கள். இரவலாக வரும் பெட்டி அடுத்த வாரம் கிடைக்கும். கீற்றணி சொன்ன ஆடிப் பரிசோதனையின் வரைபடத்தை இதே இழையில் போடுகிறேன்.

மின்தடை:
தனியாகச் செய்யச் சொல்வதானால் 13 என்று கேட்காதீர்கள், 16 என்று கேளுங்கள். வடிகட்டியின் சரிவுக்கும் இடம் வேண்டும்.